ஸ்தோத்திரத்துக்கு மாறிய பெயர்

மார்ச் 5, சாம்பல் புதன்

லெந்து, ஈஸ்டருக்கு முந்தின தபசு நாட்கள், தொடங்கிவிட்டது. இந்த நாட்களில் ஆளுக்கொரு நோட்டு வைத்து, தினம் ஒரு நன்மையை எழுத வேண்டும் என்று காலை ஆராதனையில் ஐயர் சொல்லிவிட்டார். ஜெரால்டு ஐயர். எங்கள் சபைக்குக் குருவானவராகப் போன வருஷம்தான் வந்தார். சின்ன வயசு. எதைச் சொன்னாலும் சிரித்துக்கொண்டே சொல்வார், மறுக்க முடியாது. என் மகள் கெசியா ஹாஸ்டலுக்குப் போகும்போது போட்டுவிட்டுப் போன டைரி ஒன்று அலமாரியில் கிடந்தது. அதை எடுத்து உட்கார்ந்திருக்கிறேன்.

இன்றைய நன்மை: நான் சமைக்கிற சத்துணவு மையத்தில் பருப்பு சீக்கிரம் வெந்துவிட்டது. இதையெல்லாம் எழுதலாமா என்று தெரியவில்லை. ஆனால் பன்னிரண்டரைக்குப் பிள்ளைகள் தட்டோடு வந்து நிற்கும்போது வேகாத பருப்பை வைத்துக்கொண்டு நிற்பது எப்படி இருக்கும் என்று ஐயருக்குத் தெரியாது. அதனால் எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் ஆராதனைக்கு வரவில்லை. வயிறு சரியில்லை என்றார். பிறகு பட்டறையில் அவசர வேலை, ஒரு வீட்டுக்கு கிரில் கேட் கொடுக்க வேண்டும் என்று கிளம்பிப் போனார். வயிறு சரியில்லாத ஆள் எப்படிக் குனிந்து வெல்டிங் பண்ணுவார் என்று நான் கேட்கவில்லை.

மார்ச் 7, வெள்ளி

பெண்கள் சங்கத்தின் உபவாச ஜெபம். எப்சிபாக்காதான் நடத்துவாள். யாருக்கு என்ன விண்ணப்பம் என்று அவளுக்கு எழுதிவைக்கத் தேவையில்லை. பிரசவத்துக்கு இருக்கிற பெண், வேலை கிடைக்காத பையன், விசா வராதவன் என்று எல்லாப் பெயரும் மனப்பாடம். கண்ணை மூடிக்கொண்டு வரிசையாகச் சொல்வாள். நாங்கள் ஒவ்வொன்றுக்கும் ஆமென் சொல்வோம். விண்ணப்பம் முடிந்ததும் ஸ்தோத்திரம். ஜெபம் கேட்கப்பட்டவர்களின் பெயர்கள் இந்தப் பக்கம் வந்துவிடும்.

"குடியிலிருந்து விடுதலையாக்கப்பட்ட சகோதரன் லிவிங்ஸ்டனுக்காக ஸ்தோத்திரம்."

எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். என் சத்தம்தான் உரக்கக் கேட்டிருக்கும், ஏனென்றால் எல்லோரும் என்னைத்தான் பார்ப்பார்கள்.

எத்தனையோ வருஷம் என் வீட்டுக்காரரின் அந்தப் பெயர் விண்ணப்பத்தில் முதலாவதாக வந்தது. அப்போதெல்லாம் நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வேன். போன அக்டோபர் கன்வென்ஷன் கடைசி நாளில் அவர் தானாக எழுந்து முன்னால் போய் முழங்கால் போட்டார். அதன் பிறகு குடியைத் தொடவில்லை. வருஷக் கடைசி ஆராதனையில் மேடையேறிச் சாட்சி சொன்னார். "என் கை இப்ப நடுங்கல, பாருங்க" என்று இரண்டு கையையும் நீட்டிக் காட்டினார். கோவிலே அழுதது. அடுத்த வெள்ளிக்கிழமை எப்சிபாக்கா அவர் பெயரை இந்தப் பக்கம் மாற்றிவிட்டாள். அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தை எந்த நோட்டிலும் எழுத முடியாது.

இப்போது அதைக் கேட்கவே பிடிக்கவில்லை. ஏன் என்று எழுதப் போவதில்லை.

மார்ச் 9, ஞாயிறு

பக்கத்துச் சேகரத்துச் சபையில் சாயங்காலக் கூட்டம். எங்கள் சபையிலிருந்து வேன் வைத்துக் கூட்டிப் போனார் ஐயர். என் வீட்டுக்காரரின் சாட்சிக்காகத்தான் கூப்பிட்டிருந்தார்கள். இது ஐந்தாவதோ ஆறாவதோ ஊர். நன்றாகத்தான் பேசினார். சொல்லிச் சொல்லி எங்கே நிறுத்த வேண்டும், எங்கே தொண்டை கட்ட வேண்டும் என்பதெல்லாம் படிந்துவிட்டது. கூட்டம் முடிந்ததும் ஒரு அம்மா தன் மகன் போட்டோவைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்து, இதன் மேல் கை வைத்து ஜெபிக்கச் சொன்னாள். அவர் என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

வேனில் வரும்போது கிராம்பு மென்றுகொண்டே வந்தார். அவருக்குக் கிராம்பு பிடிக்காது. பிரியாணியில் கிடந்தால்கூட என் தட்டில் தூக்கிப் போடுவார்.

மார்ச் 12, புதன்

முட்டை லோடு வரவில்லை. பிள்ளைகள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நன்மை ஒன்றும் தோன்றவில்லை.

மார்ச் 15, சனி

மத்தியானச் சாப்பாடு கொண்டு பட்டறைக்குப் போனேன். அவர் இல்லை. டீ குடிக்கப் போயிருப்பதாகப் பக்கத்துக் கடைக்காரர் சொன்னார், சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. தூக்குவாளியை வைக்க இடம் பார்த்தபோது கேஸ் சிலிண்டருக்குப் பின்னால் ஒரு பாட்டில் இருந்தது. பழசாகத்தான் இருக்கும். அக்டோபருக்கு முந்தினது. லேபிள் பளபளவென்று இருந்தது, வெயில் படாத இடம் அல்லவா. அடியில் கொஞ்சம் மிச்சமும் இருந்தது. அதையும் சாக்கடையில் ஊற்றிவிட்டு, பாட்டிலை முள்ளுக்குள் எறிந்துவிட்டு வந்தேன்.

பழசுதான்.

மார்ச் 18, செவ்வாய்

கெசியா போன் பண்ணினாள். அப்பா எப்படி இருக்காங்க என்றாள். நல்லா இருக்காங்க என்றேன். சரிம்மா என்றாள். அந்த சரிம்மாவுக்கு எத்தனை அர்த்தம் என்று நினைத்து நினைத்து இட்லி மாவு பொங்கி வழிந்ததைக் கவனிக்கவில்லை. மேடை முழுக்க மாவு. துடைக்கும்போது அழுகை வந்தது. மாவுக்காகத்தான்.

மார்ச் 21, வெள்ளி

எழுதிவிடுகிறேன். நான் மட்டும் வாசிக்கப்போகிற டைரியில்கூடப் பொய் எழுதிக்கொண்டிருந்தால் என் தலையைக் கொண்டுபோய் எங்கே முட்டிக்கொள்வது.

அவர் குடிக்கிறார். பிப்ரவரியிலிருந்து. காரணம் என்று ஒன்றும் இல்லை. யாரும் சாகவில்லை, எந்தச் சண்டையும் இல்லை. ஒரு நாள் வந்தார், கண்ணைப் பார்த்தேன், தெரிந்துவிட்டது. முதலில் எப்போதாவது. இப்போது காலையிலேயே. நேற்று முகம் கழுவும்போது கவனித்தேன், கண்ணின் வெள்ளை மஞ்சளாக இருக்கிறது. வேட்டி கட்ட முடியாமல் வயிறு முன்னால் நிற்கிறது.

இன்றைக்கு உபவாச ஜெபத்தில் எப்சிபாக்கா, புதிதாக யாருக்காவது விண்ணப்பம் உண்டா என்று கேட்டாள். சொல்ல வேண்டும் என்றுதான் எழுந்தேன். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். முட்டி வலி என்று சொல்லிவிட்டேன். உடனே நாலு பேர் வந்து என் முட்டியில் கை வைத்து உருகி உருகி ஜெபித்தார்கள். என் முட்டிக்கு ஒன்றும் கிடையாது. கல்லு மாதிரி இருக்கிறது. அப்படி ஒரு ஜெபம் இந்த ஊரில் யார் முட்டிக்கும் கிடைத்திருக்காது.

திரும்பி வரும்போது நினைத்தேன், இப்போது இந்த மனுஷனுக்காக யார் ஜெபிக்கிறார்கள்? குடித்த காலத்தில் ஒரு சபையே ஜெபித்தது. விடுதலை ஆகிவிட்டது என்று ஸ்தோத்திரத்துக்கு மாற்றிவிட்டு எல்லோரும் அடுத்த ஆளுக்குப் போய்விட்டார்கள். நான் மட்டும்தான் மிச்சம். என் ஜெபமும் ஒரு வாரமாகத் திட்டாகத்தான் இருக்கிறது. ஆண்டவரே, அரைகுறையாக ஒரு வேலையைச் செய்து அதற்குப் பாராட்டும் வாங்கிக்கொண்டு போகிற ஆசாரியை நான் சும்மா விடுவேனா? கூப்பிட்டுக் கேட்க மாட்டேனா? உம்மை எங்கே வந்து கேட்பது?

மார்ச் 25, செவ்வாய்

டவுனில் டாக்டரிடம் காட்டினோம். யாருக்கும் தெரியாமல் இருக்க, உறவுக்காரர் வீட்டு விசேஷம் என்று சொல்லிவிட்டுப் போனோம். ஸ்கேன் எடுத்தார்கள். ஈரல் வீங்கி, வயிற்றில் நீர் கோத்திருக்கிறதாம். இனிமேல் குடித்தால் இந்த வருஷம் தாண்டுவது சந்தேகம் என்று டாக்டர் அவரிடமே சொன்னார். வீட்டில் இருந்துகொண்டு ஒரேயடியாக நிறுத்தவும் கூடாது, வலிப்பு வரும், குடி நிறுத்தும் வார்டில் சேர்த்து மருந்து கொடுத்துத்தான் நிறுத்த வேண்டும் என்றார். படுக்கை காலியாக இருக்கிறது, இப்போதே சேரலாம் என்றார்.

இவர், வீட்டில் கலந்து சொல்கிறோம் என்று எழுந்துவிட்டார். வீட்டில் இருக்கிறது நாங்கள் இரண்டு பேர். இரண்டு பேரும் அங்கேதான் உட்கார்ந்திருந்தோம்.

மார்ச் 26, புதன்

இன்றைக்குப் பேசித் தீர்த்துவிடுவது என்று சாயங்காலம் பட்டறைக்கே போனேன். வீட்டில் பேசினால் எழுந்து போய்விடுவார். இங்கே போவதற்கு இடமில்லை.

வார்டில் சேர மாட்டேன் என்றார். அங்கே நம்ம ஊர் ஆள் யாராவது ஒருத்தன் இருப்பான், ஒரு மணி நேரத்தில் ஊருக்குத் தெரிந்துவிடும் என்றார். தெரியட்டும் என்றேன்.

"சாட்சி சொன்னவன் போயி அந்த வார்டுல படுத்தா ஐயரு மூஞ்சில எப்படிளா முழிப்பேன்? எனக்கு வந்தா பரவால்ல. ஆண்டவருக்குல்லா கெட்ட பேரு."

"ஆண்டவரு பேர ஆண்டவரு பாத்துக்கிடுவாரு. நீங்க ஒங்க ஈரலப் பாருங்க" என்றேன்.

அவர் கேட்டுக்குப் பெயின்ட் அடிக்க ஆரம்பித்தார். பிரஷ் நடுங்கி, கம்பியில் பட்டதைவிடத் தரையில் பட்டதுதான் அதிகம்.

கோபத்தில் எனக்குச் சிரிப்புக்கூட வந்தது. முன்பு குடிக்கிறதை விட முடியாமல் சாகப் பார்த்தார். இப்போது விட்டுவிட்டேன் என்று சொல்லிவிட்டதால் சாகப் பார்க்கிறார்.

ஏப்ரல் 2, புதன்

எப்சிபாக்காவிடம் சொல்லிவிடுவது என்று அவள் வீட்டுக்குப் போனேன். எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து பழக்கம், கெசியா பிறந்தபோது எனக்குப் பத்தியம் பொங்கிப் போட்டவள். அவளிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது. "யக்கா, அவியளப் பத்தி மனசுக்கு ஒரு மாதிரி இருக்கு" என்று தொடங்கினேன். முடிக்க விடவில்லை.

"ரூபா, வாயத் தொறந்து அவிசுவாசமா ஒரு வார்த்த பேசாத. சந்தேகத்தக் கொண்டாந்து போடுதது சத்துரு. நீ ஸ்தோத்திரம் சொல்லிக்கிட்டே இரு."

சொல்லிக்கொண்டே இருக்கிறேன் அக்கா, அதுதான் தொந்தரவே என்று சொல்ல நினைத்தேன். அவள் பாயாசம் கொடுத்தாள். லெந்தில் இனிப்புச் சாப்பிடுவதில்லை என்று நான் நேர்ந்திருக்கிறேன், அதைச் சொல்லவும் தெம்பில்லாமல் குடித்துவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

இன்றைக்கு ஐயர் வீட்டுக்கு வந்தார். பெரிய வெள்ளியன்று மத்தியானம் மூன்று மணி நேர ஆராதனையில், ஆண்டவர் சிலுவையில் பேசின ஏழு வார்த்தைகளை ஏழு பேருக்குப் பிரித்துக் கொடுப்பது எங்கள் வழக்கம். ரிட்டயர்ட் தலைமை ஆசிரியருக்கு ஒன்று, பெண்கள் சங்கத்துக்கு ஒன்று என்று போகும். வார்த்தை கிடைப்பது பெரிய கௌரவம். கிடைக்காதவர்கள் அடுத்த வருஷம்வரை ஐயரோடு பேசாமல் இருந்ததும் உண்டு.

இரண்டாம் வார்த்தையை இவருக்குக் கொடுத்திருக்கிறார். பக்கத்துச் சிலுவையில் தொங்கின கள்ளனுக்கு, இன்றைக்கே பரதீசு என்று ஆண்டவர் வாக்குக் கொடுத்த இடம். "உங்களவிட அதுக்குப் பொருத்தமான ஆள் யாரு இருக்கா அண்ணாச்சி" என்றார் ஐயர், சிரித்துக்கொண்டே. இவர் சரி என்று தலையாட்டினார். நான் அடுக்களையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். டீயில் சர்க்கரைக்குப் பதில் எதையாவது போட்டுக் கொடுக்கலாமா என்று தோன்றியது.

ஐயர் போனதும் சண்டை. கடைசியில், பெரிய வெள்ளி முடியட்டும், மறுநாளே வார்டுக்கு வருகிறேன் என்று சத்தியம் பண்ணினார். பேச வேண்டியதை நான்தான் எழுதிக் கொடுக்க வேண்டுமாம்.

ஏப்ரல் 10, வியாழன்

எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு குடிகாரன் திருந்தினதைப் பற்றி, அவன் பக்கத்து அறையில் குடித்துவிட்டு வாந்தி எடுக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே எழுதுவது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆனாலும் நன்றாக வந்திருக்கிறது. அதுதான் பயமாக இருக்கிறது. எனக்குப் பொய் இவ்வளவு சரளமாக வரும் என்று தெரியாது.

நன்மை எழுதுவதை எப்போதோ நிறுத்திவிட்டேன். ஐயர் கேட்டால் கேட்கட்டும்.

ஏப்ரல் 13, குருத்து ஞாயிறு

ஊர்வலத்தில் ஓலையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். பாதியில் பள்ளிக்கூடக் காம்பவுண்டுச் சுவரில் சாய்ந்துகொண்டார். வெயில் என்று எல்லோரிடமும் நானே சொன்னேன். அவர் வாய் திறப்பதற்குள் அவருக்காகப் பதில் சொல்வது எனக்கு மூச்சு விடுகிற மாதிரி ஆகிவிட்டது.

ஏப்ரல் 17, பெரிய வியாழன்

அப்பமும் ரசமும் கொடுக்கிற திருவிருந்து ஆராதனை. கோவில் வாசல்வரை வந்தார். உள்ளே வரவில்லை. "இந்தக் கையால அத வாங்க மாட்டேன்" என்றார். திரும்பி நடந்தார்.

நான் உள்ளே போய் முழங்கால் போட்டேன், வாங்கினேன். பொய்யை எழுதி மடித்துக் கைப்பையில் வைத்திருக்கிற நான் வாங்கினேன். அவருக்கு இருக்கிற பயம்கூட எனக்கு இல்லை.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

கை ஓடவில்லை. ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

காலையிலேயே குளித்து வெள்ளைச் சட்டை எடுத்துவைத்தார். இன்றைக்குத் தொட மாட்டேன், ஆண்டவர் நாள் என்றார். நேற்று மத்தியானத்திலிருந்தே தொடவில்லை என்று அப்புறம்தான் சொன்னார். ஒன்பது மணிக்கு மேல் உடம்பு ஆட ஆரம்பித்தது. சட்டைப் பித்தானைப் போட முடியவில்லை. நான் போட்டுவிட்டேன். வியர்வை கொட்டி இரண்டாவது சட்டை மாற்றினோம். பிறகு பல் கிட்டிப் போகிற மாதிரி வந்தது, கண் மேலே செருகியது. டாக்டர் சொன்ன வலிப்பு ஞாபகத்துக்கு வந்துவிட்டது. அவரைச் சாய்த்துப் படுக்க வைத்துவிட்டு, எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். மாட்டுத் தொழுவத்தில் தவிட்டு மூட்டைக்குள் என்றார்.

போய் எடுத்து வந்தேன். டம்ளரில் ஊற்றி, தலையைத் தூக்கிப் பிடித்து, என் கையாலேயே குடிக்கக் கொடுத்தேன். பெரிய வெள்ளியன்று. கொஞ்ச நேரத்தில் நடுக்கம் அடங்கியது. அவர் அழுதார். எனக்கு அழுகைகூட வரவில்லை. வெறி பிடித்த மாதிரி இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றேன். ஐயரிடம் சொல்லிவிட்டு வா, பேச வரவில்லை, காய்ச்சல் என்று சொல் என்றார். வெளியே போய் விழுந்துவிடக் கூடாது என்று கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

போவதற்குள் ஆராதனை தொடங்கிவிட்டது. தலைமை ஆசிரியர் முதல் வார்த்தையைப் பேசிக்கொண்டிருந்தார். பீடத்தில் இருக்கிற ஐயரிடம் போய்ச் சொல்ல வழியில்லை. பெண்கள் பக்கம் உட்கார்ந்தேன். பாட்டு முடிந்ததும் ஐயர், "இரண்டாம் வார்த்தை, சகோதரர் லிவிங்ஸ்டன்" என்றார். ஆண்கள் பக்கத்தில் எல்லோரும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். நான் எழுந்து போனேன். அவருக்குப் பதிலாக நான் வாசிக்கப் போகிறேன் என்று நினைத்து ஐயர் மைக்கை இறக்கி வைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். காகிதத்தை விரித்து முதல் வரியை வாசித்தேன். நல்ல வரிதான். இரண்டாவது வரிக்கு வாய் திறக்கவில்லை. டம்ளரைப் பிடித்திருந்த கையில் இன்னும் அந்த நாற்றம் இருந்தது.

"என் வீட்டுக்காரரு பேசணும். அவிய வரல. குடிச்சிருக்காவ. இன்னைக்குக் காலைல நாந்தான் ஊத்திக் குடுத்தேன், இல்லன்னா வலிப்பு வந்திருக்கும். அவிய விட்டேன்னு சொன்னது பொய்யில்ல. நெசமாவே விட்டாவ. மறுபடி விழுந்துட்டாவ. ஈரல் போச்சுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஒங்களுக்கெல்லாம் தெரிஞ்சிரும்னு ஆஸ்பத்திரிக்கு வர மாட்டக்காவ. அவியளுக்காக ஸ்தோத்திரம் சொல்லுதத தயவுசெஞ்சு நிப்பாட்டுங்க. ஜெபம் பண்ணுங்க."

அவ்வளவுதான் சொன்னேன். கள்ளனைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. இறங்கி வந்து உட்கார்ந்தேன். ஐயர் ஒரு கீர்த்தனை எண்ணைச் சொன்னார், அந்த எண்ணில் கிறிஸ்துமஸ் பாட்டு வந்தது, மன்னிக்கவும் என்று வேறு எண் சொன்னார். எல்லோரும் வேண்டியதற்கு மேல் சத்தமாகப் பாடினார்கள். மூன்றாம் வார்த்தை எப்சிபாக்காவுக்கு. என்னைத் தாண்டித்தான் போனாள். என்னைப் பார்க்கவில்லை.

பாட்டு நடுவில்தான் எனக்கு உறைத்தது. பெரிய வெள்ளி ஆராதனையை ஊர் முழுக்கக் கேட்கும்படி கோபுரத்தில் குழாய் ரேடியோ, ஒலிபெருக்கிதான், கட்டியிருப்பார்கள். ஒரு குழாய் எங்கள் தெருவைப் பார்த்துத்தான் இருக்கிறது.

ஆராதனை முடிகிற வரைக்கும் இருக்க முடியவில்லை. வீட்டுக்கு ஓடி வந்து கதவைத் திறந்தேன். கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"மைக்குலயாளா சொல்லணும்" என்றார்.

ஆஸ்பத்திரி என்று சொன்னதும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஏப்ரல் 19, சனி

காலையில் தண்ணீர்க் குழாயடியில் நான் போனதும் பேச்சு நின்றது. ஒருத்தி மட்டும் தன் குடத்தை நகர்த்தி எனக்கு இடம் விட்டாள்.

பதினொரு மணிக்கு ஐயர் வந்தார். சிரிக்கவில்லை. நாற்காலியை எடுத்துப் போட்டேன், டீ போடவில்லை. போடப் போவதில்லை என்று அவருக்கும் தெரிந்தது. இவர் எழுந்து உட்கார்ந்தார். மன்னிக்கணும் ஐயா, உங்களைத் தலைகுனிய வச்சிட்டேன் என்றார். ஐயர் அவர் பக்கம் திரும்பினார்.

"அண்ணாச்சி, எனக்குத் தெரியும். பக்கத்துச் சேகரத்துக்குப் போன அன்னைக்கே வேன்ல வாசன வந்துச்சு."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. தெரிந்துகொண்டா இந்த மனுஷனுக்கு வார்த்தை கொடுத்தீர்கள், ஏன் கேட்கவில்லை என்று கத்தினேன். ஒரு குருவானவரிடம் நான் இதுவரை அப்படிப் பேசியதில்லை.

"கேட்டா சாட்சி போயிருமேன்னு கேக்கலம்மா. நான் வந்த பொறவு இந்த ஊர்ல நடந்த நல்ல காரியம் அது ஒண்ணுதான். அத விட எனக்கு மனசு வரல" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

என்னால் இப்போதும் அதை மன்னிக்க முடியவில்லை. ஆனால் அவர் சொன்னது எனக்குப் புரியாத பாஷை இல்லை.

ஜெபம் பண்ணட்டுமா என்று கேட்டார். இவர், "இன்னைக்கு வேண்டாம் ஐயா. சும்மா இருங்க" என்றார். ஐயர் சும்மா இருந்தார். நான் கஞ்சி கொண்டுவந்தேன். இவர் கையில் டம்ளர் ஆடியது, கஞ்சி மடியில் சிந்தியது. ஐயர் கட்டிலில் வந்து உட்கார்ந்து டம்ளரின் அடியைப் பிடித்துக்கொண்டார். குடித்து முடிக்கும்வரை பிடித்திருந்தார். போகும்போது, கார் இருக்கு, எப்ப வேணும்னாலும் ஒரு போன் போடுங்க என்று மட்டும் சொன்னார்.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

விடியற்காலை ஆராதனைக்குத் தனியாகப் போனேன். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். எல்லோரும் புதுச் சேலை. உயிர்த்தெழுந்தார் என்று பாடும்போது எனக்கு வாய் வரவில்லை. உயிர்த்தெழுந்திருந்தால் என் வீட்டுப் பக்கம் ஒரு நடை வரக் கூடாதா என்றுதான் தோன்றியது. ஈஸ்டர் அன்றைக்கு இதை நினைக்கிறோமே என்ற குற்ற உணர்ச்சிகூட இல்லை. அவ்வளவு அலுப்பு.

பொது விண்ணப்பத்துக்கு எப்சிபாக்காவைக் கூப்பிட்டார்கள். கண்ணை மூடினாள். முதல் பெயராக லிவிங்ஸ்டன் என்றாள். சகோதரன் என்று சொல்லவில்லை, விடுதலை என்று சொல்லவில்லை. வெறும் பெயர். குரலில் கோபம் அப்படியே இருந்தது. என்மேல் கோபம், அவர்மேல் கோபம், ஆண்டவர்மேலும் இருக்கும். இருக்கட்டும். கோபத்தோடு கேட்டாலும் கேட்டதுதானே. சபை முழுக்க ஆமென் சொன்னது. நான் சொல்லவில்லை.

வெளியே வந்ததும் அவள் என்னிடம் பேசவில்லை. ஒரு டிபன் பாக்ஸை என் கையில் திணித்துவிட்டுப் போனாள். ஆட்டுக்கறி.

வீட்டுக்கு வந்தால் குடித்திருந்தார். அதிசயம் ஒன்றும் நடக்கவில்லை. கறியைச் சூடுபண்ணிக் கொடுத்தேன், இரண்டு வாய் சாப்பிட்டார். யார் கொடுத்தது என்று கேட்டார். சொன்னேன். ஜெபத்தில் பெயர் சொன்னதையும் சொன்னேன். முதலாவதாகவா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "அதான் ஊருக்கே தெரிஞ்சு போச்சே, இனி யாருக்குப் பயந்து கெடக்க. நாளைக்குப் போவோம்" என்றார்.

ஐயருக்குப் போன் போட்டேன்.

ஏப்ரல் 21, திங்கள்

வார்டு பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். அவரை உள்ளே படுக்கவைத்து மருந்து ஏற்றுகிறார்கள். ஐயர் கீழே கார் நிறுத்திய இடத்தில் யாரோ சத்தம் போடுகிறார்கள் என்று போயிருக்கிறார். கெசியா பஸ் ஏறிவிட்டாள். போனில் எல்லாவற்றையும் சொன்னேன். "எனக்குத் தெரியும்மா" என்றாள். எல்லோருக்கும் எல்லாம் தெரிந்துதான் இருந்திருக்கிறது.

சேர்ப்பதற்கு முன் ஒரு நர்ஸ் பெண் எங்களை உட்காரவைத்துக் கேள்வி கேட்டது. கெசியா வயசுதான் இருக்கும். பெயர் என்ன, நான் சொன்னேன். வயசு, நான் சொன்னேன். என்ன வேலை, சுகர் இருக்கா, தூக்கம் வருதா, எல்லாவற்றுக்கும் நான்தான். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியாக எப்போது குடித்தார் என்று கேட்டது. ரொம்ப நாளாச்சு என்று எனக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நேற்று என் கண்ணால் பார்த்திருக்கிறேன், மைக்கில் ஊருக்கே சொல்லியிருக்கிறேன், ஆனாலும் வாய் பழக்கத்துக்குப் போய்விட்டது.

அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"இன்னைக்குக் காலைலம்மா. வரதுக்கு முன்னாடி. நான் இன்னும் குடிக்கத்தான் செய்யுதேன்" என்றார்.

இத்தனை வருஷத்தில் அவர் வாயால் இதை நான் கேட்டதே இல்லை. குடித்துவிட்டு என் முன்னால் விழுந்து கிடந்த நாளிலும் குடிக்கவில்லை என்றுதான் சொல்லியிருக்கிறார். நான் என்னை மறந்து, கோவிலில் சொல்கிற மாதிரியே சத்தமாக, ஸ்தோத்திரம் என்று சொல்லிவிட்டேன்.

அந்தப் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தது. என் தலையிலும் கோளாறு என்று நினைத்திருக்கும். ஐயர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இவர் என் கையை விடவில்லை.